மேல் கடைவாய்ப் பல்லும் சைனஸும்: சிபிசிடி ஸ்கேனை எடுப்பதும் படிப்பதும்

சைனஸ் தொல்லை என்று சொல்லி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இரண்டு பக்கமுமா, ஒரு பக்கம் மட்டுமா?" என்பதுதான். ஒவ்வாமையாலும் சளியாலும் வரும் தொல்லை பெரும்பாலும் இரண்டு கன்னங்களிலும் பாரமாக உட்காரும். ஆனால் ஒரு பக்க மூக்கு மட்டும் மாதக்கணக்கில் அடைத்துக்கொண்டு, அதே பக்கத்திலிருந்து கெட்ட வாடையுடன் சளி தொண்டைக்குள் இறங்கி, ஆவி பிடித்தாலும் மூக்கில் மருந்து அடித்தாலும் விட்டுக்கொடுக்காமல், மாத்திரை சாப்பிடும் நாட்களில் அடங்கி, நிறுத்திய இரண்டாம் வாரமே திரும்பிவந்தால், அந்தப் பக்கத்து மேல் கடைவாய்ப் பற்களைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது பல் மருத்துவர் எழுதித் தருவதுதான் சிபிசிடி என்னும் முப்பரிமாண ஸ்கேன். அதை எப்போது எடுப்பது, எடுக்கும்போது எவற்றைக் கவனிப்பது, கைக்கு வந்த படத்தையும் அறிக்கையையும் எப்படிப் பார்ப்பது என்பவற்றை இங்கே எழுதுகிறேன். படம் பார்க்கும் பகுதி, புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் பல் மருத்துவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது, மற்றவை எல்லாருக்கும்.

பல்லும் சைனஸும் எவ்வளவு பக்கத்தில்

மேல் தாடை எலும்புக்குள், மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒன்றாகக் காற்று நிறைந்த அறை இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய 15 மில்லி, அதாவது ஒரு மேசைக்கரண்டி கொள்ளும் அறை. இங்கிலாந்து மருத்துவர் நத்தானியேல் ஹைமோர் 1651ஆம் ஆண்டில் இதை விரிவாக விவரித்ததால் பழைய பாடநூல்களில் இது அவர் பெயராலேயே வழங்கும். பல் பிடுங்கிய குழி வழியே ஓயாமல் நீர் கசிந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். ஆக, பல்லையும் சைனஸையும் சேர்த்துப் பார்ப்பது நேற்று வந்த யோசனை அன்று.

இந்த அறையின் தரைக்கு நேர் கீழேதான் மேல் கடைவாய்ப் பற்களின் வேர்நுனிகள் நிற்கின்றன. பொதுவாக இரண்டாம் கடைவாய்ப் பல்லின் வேர்கள்தான் தரைக்கு மிக அருகில் இருக்கும். அடுத்தது முதல் கடைவாய்ப் பல். சிலருக்கு வேருக்கும் சைனஸுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் எலும்பு இருக்கும். சிலருக்கு மெல்லிய சவ்வைத் தவிர எதுவும் இருக்காது. அறையின் வடிகால் துவாரமோ தரையில் இல்லை, உள்சுவரின் உச்சியில், மூக்கை நோக்கித் திறக்கிறது. சவ்வின் மேலுள்ள நுண்ணிய மயிரிழைகள் சளியைக் கீழிருந்து மேலே தள்ளி, அந்தத் துவாரத்தின் வழியே வெளியேற்றுகின்றன. பல்லிலிருந்து ஏறும் கிருமி அந்த ஓட்டத்தைக் கெடுத்துவிட்டால், அடியில் குழாய் இல்லாத தண்ணீர்த் தொட்டிபோல உள்ளேயே தேங்கிவிடுகிறது.

மேல் தாடை சைனஸ் அழற்சியில் 10 முதல் 12 சதவீதம் பல்லால் வருவது என்று பழைய நூல்கள் எழுதின. ஸ்கேனைக் கொண்டு செய்த பிற்கால ஆய்வுகள் சிலவற்றில், நாள்பட்ட நோயாளிகளிடையே இந்த அளவு 40 சதவீதம் வரை போகிறது. நோய் பெருகிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளத் தேவையில்லை. முன்பு கண்ணுக்குத் தப்பியது இப்போது தெரிகிறது, அவ்வளவுதான்.

சாதாரண எக்ஸ்-ரே ஏன் போதவில்லை

பல் கிளினிக்கில் எடுக்கும் சிறிய எக்ஸ்-ரேயும், தாடை முழுவதையும் ஒரே பட்டையாகக் காட்டும் ஓபிஜியும் தட்டையான படங்கள். மேல் கடைவாய்ப் பல்லின் மூன்று வேர்கள், கன்ன எலும்பு, சைனஸின் தரை எல்லாம் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. அண்ணப் பக்கத்து வேரின் நுனியில் இருக்கும் சீழ்க்கட்டி, சைனஸின் கருநிறத்தோடு கலந்து காணாமல் போவது அன்றாடம் நடப்பது. "எக்ஸ்-ரேயில் ஒன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் சிலருடைய தொல்லை இந்த நிழலுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

1990களின் பிற்பகுதியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் உருவான சிபிசிடி இயந்திரம், கூம்பு வடிவக் கதிரைத் தலையைச் சுற்றி ஒருமுறை சுழற்றி, 10 முதல் 40 வினாடிக்குள் சில நூறு படங்களை எடுக்கிறது. கணினி அவற்றைச் சேர்த்து, 0.1 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை பக்க அளவுள்ள நுண்கனசதுரங்களாக அடுக்குகிறது. அந்த அடுக்கை எந்தத் திசையிலும் ரொட்டித் துண்டுபோல வெட்டிப் பார்க்கலாம். எலும்பும் பல்லும் துல்லியமாகத் தெரியும். மென்திசு அப்படித் தெரியாது. சைனஸுக்குள் இருப்பது சீழா, வீங்கிய சவ்வா, சதை வளர்ச்சியா என்று நிறத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல இந்த ஸ்கேனால் இயலாது. இந்த வரம்பை மறந்துவிட்டு எழுதப்படும் அறிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கதிர்வீச்சைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். கதிர்வீச்சை அளக்கும் அலகான மைக்ரோசீவர்ட்டில் ஓபிஜிக்குச் சுமார் 10 முதல் 25 என்றால், சிபிசிடிக்கு இயந்திரத்தையும் படமெடுக்கும் பரப்பையும் பொறுத்துச் சில பத்திலிருந்து சில நூறு மைக்ரோசீவர்ட் வரை ஆகும். மருத்துவமனையில் எடுக்கும் தலை சிடி ஏறக்குறைய 2,000. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒரு மனிதருக்கு ஆண்டு முழுவதும் இயற்கையாகக் கிடைப்பது உலகச் சராசரியில் 2,400. பயப்படும் அளவு இல்லை; அதற்காக, தலைவலி என்றதும் எடுத்துப் பார்க்கும் ஸ்கேனும் இல்லை.

எப்போது எடுக்கலாம், எப்போது கூடாது

ஒரு பக்கத் தொல்லை, அதே பக்கத்தில் வேர் சிகிச்சை செய்த பல்லோ, கேப் போட்ட பல்லோ, ஆழமான சொத்தையோ, பல் பிடுங்கிய பிறகு ஆறாத குழியோ இருந்தால் எடுப்பதில் நியாயம் இருக்கிறது. வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் மூக்கு வழியாக வந்தால், வாய்க்கும் சைனஸுக்கும் இடையே ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள். அதன் அளவையும் உடைந்த வேர் உள்ளே போயிருக்கிறதா என்பதையும் அறிய ஸ்கேன் அவசியம். மேல் கடைவாயில் இன்பிளான்ட் எனப்படும் செயற்கை வேர் வைப்பதற்கு முன்பும் சைனஸைப் பார்த்தே ஆக வேண்டும்.

சளி பிடித்துப் பத்து நாள் ஆகாதவர்கள், அவசரம் இல்லையென்றால் காத்திருப்பது நல்லது. சாதாரணச் சளிக்கே சைனஸின் சவ்வு வீங்கிவிடும். அந்த நாளில் எடுத்த படத்தில் நோயையும் சளியையும் பிரிக்க முடியாது. கருவுற்றிருப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குழந்தைகளுக்கு, வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிதல், கழுத்து விறைப்புடன் கூடிய காய்ச்சல் ஆகியவை இருந்தால் பல் ஸ்கேன் சென்டரைத் தேடிப் போகாமல் நேரே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே மருந்து செலுத்தி எடுக்கும் சிடியோ எம்ஆர்ஐயோதான் உதவும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவருக்கு மேல் பற்கள் காரணமின்றி ஆட ஆரம்பித்தாலும், அண்ணம் கறுத்தாலும் அதே அவசரம்தான். 2021இல் கொரோனாவைத் தொடர்ந்து கருப்புப் பூஞ்சை பரவிய மாதங்களில், பலர் முதலில் வந்து நின்றது பல் மருத்துவரின் வாசலில்.

ஸ்கேன் சீட்டில் என்ன இருக்க வேண்டும்

பிழை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. "சிபிசிடி மேல் தாடை" என்று மட்டும் எழுதிய சீட்டைக் கொண்டுபோனால், இன்பிளான்ட் வைக்கத் தேவையான எலும்பின் உயர அகலங்களை மில்லிமீட்டரில் எழுதிய அறிக்கைதான் திரும்பி வரும். சைனஸைப் பற்றி அதில் ஒரு வரி இருந்தால் அதிர்ஷ்டம். எந்தப் பல், எத்தனை நாளாக என்ன தொல்லை, எதைச் சந்தேகிக்கிறோம் என்பது சீட்டில் இருக்க வேண்டும். உதாரணமாக: "26ஆம் பல், நான்கு ஆண்டுக்கு முன் வேர் சிகிச்சை, மூன்று மாதமாக இடப்பக்க மூக்கில் வாடையுடன் சளி, பல்லால் வந்த சைனஸ் அழற்சியா?" இந்த எண்முறையில் மேல் வலப்பக்கம் 11 முதல் 18 வரை, மேல் இடப்பக்கம் 21 முதல் 28 வரை, 16, 26 முதல் கடைவாய்ப் பற்கள், 17, 27 இரண்டாம் கடைவாய்ப் பற்கள். நோயாளிகளும் இதைத் தெரிந்து வைத்திருந்தால் அறிக்கை பாதி புரிந்துவிடும்.

அடுத்தது, படமெடுக்கும் பரப்பு. ஒரே பல்லைப் பார்க்க 5 சென்டிமீட்டர் உயரமும் 5 சென்டிமீட்டர் அகலமும் போதும். நுணுக்கமும் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அந்தப் பரப்பில் சைனஸின் அடிப்பகுதி மட்டுமே விழும், உச்சியிலிருக்கும் வடிகால் துவாரம் விழாது, எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிடவும் வழியில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் கதிர்வீச்சைக் குறைக்கும் நல்லெண்ணத்தில் சிறிய பரப்பையே எழுதிக்கொண்டிருந்தேன். அப்படி எடுத்த படத்துடன் போனவரைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் மறுபடி சிடிக்கு அனுப்பினார். இரண்டு ஸ்கேன், இரண்டு செலவு. இப்போது சைனஸைப் பற்றிய கேள்வி என்றால், இரண்டு பக்கமும் அடங்கும்படி, மேற்பற்களின் நுனியிலிருந்து கண்குழியின் தரை வரை, ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் உயரத்துக்கு எழுதுகிறேன். சென்டருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

ஸ்கேன் எடுக்கும் நாள்

வெறும் வயிறாக வரத் தேவையில்லை, ஊசியும் இல்லை. கண்ணாடி, தோடு, கழுத்துச் சங்கிலி, ஹேர்பின், கழற்றக்கூடிய பல்செட் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். இவற்றில் தொல்லை தருவது மூக்குத்தி. உலோகத்தைச் சுற்றிப் படத்தில் வெள்ளையும் கருப்புமாகக் கீற்றுகள் விசிறிபோலப் பரவும்; மூக்குத்தியின் கீற்றுகள் விழும் உயரத்தில்தான் சைனஸும் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் கழற்றாத மூக்குத்தியின் திருகு ஸ்கேன் சென்டரில் நின்றுகொண்டு முறுக்கினால் அசையாது. முந்தைய நாளே வீட்டில், எண்ணெயோ சோப்புத் தண்ணீரோ விட்டுக் கழற்றிவிட்டு வருவது எல்லாருக்கும் நிம்மதி.

பெரும்பாலான இயந்திரங்களில் நின்றோ உட்கார்ந்தோ, தாடையை ஒரு தாங்கியில் வைத்து, சிறிய குச்சி ஒன்றை முன்பற்களால் கடித்துக்கொள்ள வேண்டும். நாக்கை அண்ணத்தில் ஒட்டிவைத்து, எச்சில் விழுங்காமல், இயந்திரம் சுற்றி முடியும் வரை அசையாமல் இருக்க வேண்டும். அசைந்தால் சைனஸின் தரைக்கோடு இரட்டையாக விழும், அதில் வெடிப்பைத் தேடுவது வீண்வேலை. எடுத்து முடித்ததும் அச்சிட்ட ஃபிலிமோடு திருப்தி அடையாமல், ஸ்கேனின் மூலப் படங்களான டைகாம் கோப்புகள் அடங்கிய குறுந்தகட்டையோ பென்டிரைவையோ கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் இருப்பது யாரோ தேர்ந்தெடுத்த பத்து இருபது வெட்டுகள். மூலத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

படத்தைப் பார்க்கும் முறை

மென்பொருளைத் திறந்தவுடன் வண்ணத்தில் மண்டையோடு ஒன்று சுழலும். பார்க்க அழகாக இருக்கும், வீட்டிலுள்ளவர்களுக்குக் காட்டவும் பயன்படும். சைனஸ் நோயைக் கண்டறிய அது அநேகமாக உதவாது. வேலை முழுவதும் சாம்பல் நிற வெட்டுப்படங்களில்தான். திரையில் உங்களுக்கு இடப்பக்கம் தெரிவது நோயாளியின் வலப்பக்கம் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். எல், ஆர் என்ற எழுத்து ஓரத்தில் இருக்கும்.

முதலில் கிடைவெட்டு. பல்லின் கிரீடத்திலிருந்து தொடங்கி மெதுவாக மேலே ஏறுங்கள். வேர்கள் குறுகிக்கொண்டே வந்து மறையும் இடத்தில் சைனஸ் கருநிறப் பரப்பாக விரியத் தொடங்கும். காற்று கருப்பு, எலும்பு வெள்ளை. கருப்பாக இருக்க வேண்டிய அறைக்குள் சாம்பல் எங்கே தொடங்குகிறது, எந்தப் பல்லின் மேல் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு முகத்தை எதிரே பார்ப்பது போன்ற வெட்டில், முன்னிருந்து பின்னாக நகர்ந்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். வடிகால் துவாரம் திறந்திருக்கிறதா, மூக்கின் நடுச்சுவர் வளைந்து அந்த வழியை நெருக்குகிறதா என்பது இங்கேதான் தெரியும். துவாரம் திறந்திருக்க, அடியில் மட்டும் ஒரு பல்லின் மேல் சாம்பல் படிந்திருந்தால் பல்லின் மேல் சந்தேகம் வலுக்கும். இரண்டு பக்கமும், படத்தில் விழும் மற்ற சைனஸ் அறைகளும் மங்கியிருந்தால் மூக்கின் நோய்தான் முதலில் நினைவுக்கு வர வேண்டும்.

மூன்றாவதாக, பக்கவாட்டு வெட்டு. இங்கே அவசரப்படக் கூடாது. வெட்டுத்தளத்தை ஒவ்வொரு வேரின் நீளத்துக்கும் இணையாகத் திருப்பி, கடைவாய்ப் பல்லின் மூன்று வேர்களையும் தனித்தனியே நுனிவரை பின்தொடர வேண்டும். மேலே சீட்டில் எழுதிய 26ஆம் பல்லையே எடுத்துக்கொள்வோம். வேர்களுக்குள் ஓடும் மூன்று கால்வாய்களில் வெள்ளையாக அடைப்பு தெரிகிறது, வேர் சிகிச்சை செய்தவர் குறையின்றிச் செய்தது போலவே இருக்கிறது. ஆனால் முன்புறக் கன்னப் பக்கத்து வேரைக் கிடைவெட்டில் பார்த்தால், அடைத்த வெள்ளைப் புள்ளி வேரின் நடுவில் இல்லாமல் ஓரமாக ஒதுங்கியிருக்கிறது. அதற்கு அண்ணப் பக்கமாக ஊசிமுனை அளவில் கரும்புள்ளி ஒன்று. அடைக்காமல் விட்ட நான்காவது கால்வாய் அது. மேல் முதல் கடைவாய்ப் பற்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் அது உண்டு. அந்த வேரின் நுனிக்குப் போனால் கருநிற வளையம், அதற்கு மேலே சைனஸின் தரை முட்டையோடுபோல மெலிந்து குடைபோல மேலே தூக்கியிருக்கும், அதன் மேல் சவ்வு தடித்துப் படிந்திருக்கும். கால்வாய், வளையம், தூக்கிய தரை, தடித்த சவ்வு என்று தொடர்ந்து ஒரே கோட்டில் வரும்போது நோயின் வழித்தடமே கண்முன் நிற்கிறது.

அடைப்புப் பொருளுக்குப் பக்கத்தில் தெரியும் கருங்கோடு எல்லாம் வெடிப்போ விட்டுப்போன கால்வாயோ ஆகிவிடாது. உலோகமும் அடைப்புப் பொருளும் கதிரைத் தின்றுவிடுவதால் அவற்றை ஒட்டிப் பொய்யான கருநிழல் விழும். அடுத்தடுத்த பல வெட்டுகளில், வேறு திசையிலும் அதே இடத்தில் தெரிந்தால் மட்டுமே நம்பலாம்.

சாம்பலின் வடிவங்கள்

நலமான சவ்வு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பதால் ஸ்கேனில் தெரிவதே அரிது. இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் அறிக்கையில் "மியூகோசல் திக்கனிங்" என்று வரும். எந்தத் தொல்லையும் இல்லாதவர்களின் ஸ்கேனிலும் இது அடிக்கடி தென்படும்; அந்தச் சொல்லைப் பார்த்ததும் கலங்க வேண்டாம். தரையிலிருந்து வழவழப்பான அரைக்கோளமாக எழும்பி, மேலே எலும்புக்கோடு எதுவும் இல்லாமல் நிற்பது பெரும்பாலும் "ரிடென்ஷன் சிஸ்ட்" எனப்படும் நீர்க்கட்டி; பெரும்பாலானவர்களுக்கு அதை அப்படியே விட்டுவிடலாம். அதே கோளத்தின் மேல் மெல்லிய வெள்ளைக் கோடு தொப்பிபோல மூடியிருந்தால் கதை வேறு: பல்லிலிருந்து கிளம்பிய கட்டி சைனஸின் தரையைத் தள்ளிக்கொண்டு மேலே போயிருக்கிறது.

நிமிர்ந்த நிலையில் எடுத்த ஸ்கேனில் திரவம், டம்ளர் தண்ணீர்போல மட்டமாக நிற்கும். அதில் குமிழிகளும் தெரிந்தால் இப்போதைய தொற்று என்று நினைக்கலாம். அறை முழுவதும் மங்கி, சுவர் எலும்பு தடித்திருந்தால் நாள்பட்டது. மங்கலுக்கு நடுவே வெண்மையான திட்டுகள் இருந்தால் பூஞ்சை உருண்டையையோ, வேர் சிகிச்சையின்போது மேலே போன அடைப்புப் பொருளையோ, உடைந்த வேர்த்துண்டையோ நினைக்க வேண்டும். எலும்புச் சுவர் கரையான் அரித்ததுபோல ஒழுங்கின்றி மறைந்திருந்தால், புற்றுநோயும் கருப்புப் பூஞ்சையும் இல்லை என்று உறுதியாகும்வரை வேறு எதையும் பேசக்கூடாது. அன்றே மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.

ஸ்கேனுக்குப் பிறகு

பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது. குளிர்ச்சியைப் பல்லில் வைத்துப் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது, ஈறின் ஆழத்தை அளப்பது ஆகிய பழைய சோதனைகளோடு படம் ஒத்துப்போனால்தான் பல்லில் கைவைக்க வேண்டும். சாம்பல் தெரிகிறது என்பதற்காக நல்ல பல்லைப் பிடுங்கியவர்களும் உண்டு, சொத்தைப் பல்லை அப்படியே விட்டுவிட்டு மூக்கில் அறுவை செய்துகொண்டவர்களும் உண்டு. பல் மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டால் இரண்டும் நடக்காது.

பல்தான் காரணம் என்று தெளிவானால், விட்டுப்போன கால்வாயைத் தேடி வேர் சிகிச்சையை மறுபடி செய்வதோ, காப்பாற்ற முடியாத பல்லை எடுப்பதோ நடக்கும். அதிலேயே பலருக்குச் சைனஸ் தெளிந்துவிடுகிறது. வடிகால் துவாரம் அடைத்தே இருப்பவர்களுக்குக் கூடவே எண்டோஸ்கோப்பி அறுவையும் தேவைப்படலாம். வாடையும் சளியும் சில வாரங்களில் குறையும். சவ்வு பழைய நிலைக்கு வர மாதங்கள் ஆகும் என்பதால், தொல்லை நீடிக்காதவரை மூன்று மாதத்துக்குள் மறு ஸ்கேன் எடுப்பதில் பயனில்லை. எடுக்கும்போது முன்பு எடுத்த அதே பரப்பில் எடுத்தால்தான் வெட்டுக்கு வெட்டு ஒப்பிட முடியும். முதல் ஸ்கேனின் குறுந்தகட்டு உறைமேல் தேதியையும் பல் எண்ணையும் எழுதிப் பத்திரமாக வைத்திருந்து, மறு ஸ்கேனுக்குப் போகும் நாளில் கையோடு எடுத்துச் சென்று டெக்னீஷியனிடம் முதலில் அதைக் கொடுங்கள்.